முதலாண்டுக் கணக்கு வகுப்பின் விதிகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்
25.8.2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முழங்கால் வலி சற்றுத் தணிந்து நாற்காலியில் உட்கார முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன், இன்று முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள் கலைக் கல்லூரியில் இயற்கணிதம் நடத்திய நீ இப்போது பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணக்கை ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி. முதல் நாள் வகுப்பில் என்னென்ன விதிகளைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்வதையும், அவற்றில் சிலவற்றைச் சொல்ல ஆரம்பித்த காரணத்தையும் எழுதுகிறேன்.

நீ எடுக்கப் போகும் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (ரெகுலேஷன்) 4 கிரெடிட் உள்ள பாடம்; வாரத்துக்கு மூன்று விரிவுரை, ஒரு டுடோரியல் என மொத்தம் 60 பாடவேளை. 2017 ஒழுங்குமுறையில் இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியில் நாமே போடும் மதிப்பெண்ணுக்கு, 20, பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வுக்கு 80 என்று இருந்தது 2021இல் 40க்கு 60 என்று மாறியது. தேர்ச்சிக்கு இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 விழுக்காடு வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மாணவர்கள் காதால் கேட்டிருப்பார்கள், ஆனால் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். கணக்கு ஆசிரியர்களான நாமே போடுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

போட்டுப் பார். நூற்றுக்கு எழுதும் தேர்வில் 45 வாங்கியவனுக்கு அறுபதில் 27 கிடைக்கிறது; அவன் ஐம்பதைத் தொட இன்டர்னலில் 23 இருந்தால் போதும். ஆகவே 23க்கு மேல் நாம் அள்ளிக் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் தேர்ச்சிக்கு எந்த வகையிலும் உதவாது. தேர்வில் 44 வாங்கியவன் இன்டர்னலில் முழு நாற்பதும் வைத்திருந்தாலும் அரியர்தான். ஆனால் 23க்குக் கீழே நாம் குறைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் தேர்வில் அவன் தாண்ட வேண்டிய கோட்டை ஒன்றரை மதிப்பெண்ணுக்கும் அதிகமாக உயர்த்துகிறது. இன்டர்னல் 10 மட்டும் உள்ளவன் தேர்வில் 67 எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடு. வேறு எந்த அறிவுரையும் அவர்களை இந்த அளவுக்கு நிமிர்ந்து உட்கார வைப்பதில்லை.

இதை நான் ஒரு மாணவனிடமிருந்துதான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒருவன், இரவில் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டுக் காலை வகுப்பில் தூங்குவான். அவன் எழுதாமல் விட்ட ஒரு தேர்வுக்குச் சுழியம் போட்டேன். அசைன்மென்ட் ஒரு வாரம் தாமதமாக வந்ததால் அதையும் வாங்க மறுத்துவிட்டேன். அவனுக்கு இன்டர்னலில் 13 வந்தது. செமஸ்டர் முடிவில் அரியர் என்று வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, அதை என்னிடமே கொண்டு வந்து காட்டினான். நூற்றுக்கு 58 வாங்கியிருந்தான். அது அறுபதுக்கு 34.8 ஆகிறது, பதின்மூன்றோடு கூட்டினால் ஐம்பதுக்கு இரண்டு மதிப்பெண்ணுக்குச் சற்று மேல் குறைவு. கணக்குத் தெரிந்த ஒருவனை என் சிவப்பு மசி தோற்கடித்திருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. அந்தத் தாளை நீட்டிவிட்டுப் பேசாமல் நின்றான். அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறிவிட்டான் என்றாலும், அந்த நிற்றலை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு விதிகளை மாற்றினேன். தாமதமாக வரும் அசைன்மென்ட்டை வாங்குகிறேன், நாளுக்கு இவ்வளவு குறையும் என்று முன்பே அறிவித்துவிட்டு. தேர்வைத் தவற விட்டவனுக்கு, காரணம் உண்மையாக இருந்தால், வேறு கேள்வித்தாளோடு மறுதேர்வு வைக்கிறேன். காரணத்தைச் சான்றிதழில் மட்டும் தேடுவதில்லை. மறுபக்கம், எல்லோருக்கும் 36, 38 என்று போட்டுவிடுங்கள் என்று நிர்வாகத்திலிருந்து ஒரு குரல் உனக்கும் வரும். அதற்குப் பதிலாக இருபத்து மூன்றின் கணக்கையே அவர்களிடமும் காட்டு. தரங்களோ மற்றவர்களோடு ஒப்பிட்டு வழங்கப்படுபவை. எல்லோரையும் ஒரே அளவு உயர்த்தினால் யாரும் உயர்ந்ததாக ஆகாது.

அசைன்மென்ட்தான் உன்னை அதிகம் சோதிக்கும். இன்டர்னலுக்கான இரண்டு மதிப்பீடுகளிலும் எழுத்துத் தேர்வுக்கு 60 விழுக்காடு, அசைன்மென்ட் போன்றவற்றுக்கு 40 விழுக்காடு என்பதால், அதிலிருந்து மட்டுமே 16 மதிப்பெண் வரை வந்துவிடும். ஒருவன் எழுத அறுபது பேர் பார்த்து எழுதுவதற்கு இதைவிடத் தூண்டுதல் வேண்டுமா? ஒருமுறை பதினேழு நோட்டுகளில் ஒரே இடத்தில் ஒரே கழித்தல் குறி காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி அணி (மேட்ரிக்ஸ்) கொடுக்கிறேன்: மூன்றுக்கு மூன்று அணியில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகள் எல்லோருக்கும் ஒன்று, மூலைவிட்டத்தில் மட்டும் அவரவர் பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள். அதற்குக் கேலி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து நேர்மாறு காண வேண்டும். அறுபது விடைகளை எப்படித் திருத்துவாய் என்று பயப்படாதே. அந்தத் தேற்றத்துக்கான சமன்பாட்டில் மாணவர்கள் எஸ்1 என்று எழுதும் கெழு மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைதானே. பதிவெண்ணைப் பார்த்தவுடன் அது தெரிந்துவிடும். இறுதி விடையை மூல அணியோடு பெருக்கி ஒரு நிரையைப் பார்த்தால் பெரும்பாலும் பிழை பிடிபட்டுவிடும். யாருடைய அணிக்காவது அணிக்கோவை பூச்சியமாகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடு. ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகி, நேர்மாறு இல்லை என்று ஒரே வரியில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு போனாள்.

கேள்வித்தாள் அமைப்பு உனக்குத் தெரிந்திருக்கும்: டூ மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து, யூனிட்டுக்கு இருபது. இதை வைத்துக்கொண்டுதான் சீனியர்கள் “மேட்ரிக்ஸைப் பிடி, மல்டிபிள் இன்டெக்ரலை விட்டுவிடு” என்று ஓதுகிறார்கள். இரண்டு யூனிட்டும் சில டூ மார்க்கும் இருந்தால் 45 வந்துவிடும் என்பது உண்மைதான். அதை மறுத்து நம் மரியாதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மல்டிபிள் இன்டெக்ரல் உள்ள ஐந்தாம் யூனிட்டை விட்ட சிவில் மாணவன் நிலைமத் திருப்புத்திறன் வரும்போது இரட்டைத் தொகையீட்டின் எல்லைகளைப் பார்த்து விழிப்பான். நான் அந்த யூனிட்டை முதல் தேர்விலேயே சேர்க்க முடியாது என்பதால், டுடோரியல் மணிகளில் தொகையீட்டு வரிசையை மாற்றும் கணக்குகளையே அதிகம் வைக்கிறேன். படம் வரையாமல் எல்லை எழுதினால், விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான் என்பது என் விதி. மூன்றுக்கு மூன்று அணியிலிருந்து வரும் முப்படிச் சமன்பாட்டின் மூலங்களைக் கால்குலேட்டரில் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு மூலத்தைச் சோதித்து, வகுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

வருகைப்பதிவு பற்றி நீளமாகப் பேசாதே. 75 விழுக்காடு என்பது எல்லாப் பாடங்களுக்கும் சேர்ந்த சராசரி. கணக்கு வகுப்பை மட்டும் குறிவைத்துத் தப்புபவனை அது பிடிக்காது. அவனைப் பிடிக்க டுடோரியலின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கணக்குக் கொடு.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அந்த வழியாக வருபவர்களில் தமிழ் வழியில் படித்தவர்கள் பலர். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட ‘ஈகன்வேல்யூ’ என்ற சொல்லுக்கு முன்னால் ஊமையாகிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் நான் அணிக்கோவை, வகைக்கெழு, தொகையீடு என்று அவர்களுக்குத் தெரிந்த சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பலகையில் அருகருகே எழுதி வைப்பேன். நீ தமிழில் நடத்திப் பழகியவன். இதில் என்னைவிட நீயே கெட்டிக்காரன்.

டுடோரியல் தாள்கள் பதினான்கை உன் முகவரிக்கு நாளை அனுப்புகிறேன். முதல் தேர்வின் தாள்களைத் திருத்தி முடித்ததும், எத்தனை பேர் இருபத்து மூன்றுக்குப் போகும் பாதையில் இல்லை என்று எழுது. அவர்களுக்கு எப்படி மறுதேர்வு வைப்பது என்று அப்போது பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்