"மாஸ்க்கைத் தொடாதே" என்று கத்தியவருக்கும் மற்றவர்களுக்கும்

என் அன்புக்குரிய உங்கள் எல்லோருக்கும்,

வண்ணப் பந்தைச் சுட்டு, பட்டவரை வெளியேற்றி, கொடியைப் பிடிக்கிற இந்தப் பெயின்ட்பால் ஆட்டத்தை 12 வருடம் ஆடினேன். போன மாதத்தோடு நிறுத்திவிட்டேன். குனிந்து ஓடுவதையும் மண்டியிட்டு உட்காருவதையும் இடது முழங்கால் இனிமேல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இந்த மடலில் சொல்கிறேன்.

வரிசைப்படி சொல்ல எனக்கு வராது. நடுவர் அண்ணாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் வர முடியும்.

அண்ணா, அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. நான் ஆட வந்து மூன்றாவது வாரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் போட்டிருந்தது வாடகை மாஸ்க், ஒற்றைக் கண்ணாடி. மூச்சு விட விட உள்பக்கம் ஆவி படிந்து எதிரே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கிடந்த ஒரு மரத்தண்டின் பின்னால் மண்டியிட்டிருந்தேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு நொடிதானே, துடைத்துக்கொள்வோம் என்று மாஸ்க்கின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். கன்னத்தில் காற்று பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மாஸ்க்! மாஸ்க்கைத் தொடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தீர்கள். என் தலையை உங்கள் நெஞ்சோடு சேர்த்து அமுக்கி, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டீர்கள். விசில் கேட்டு எல்லோரும் சுடுவதை நிறுத்துவதற்குள் உங்கள் முதுகில் நான்கு பந்துகள் உடைந்தன. நான்குமே ஆரஞ்சு நிறம்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய், பந்தின் வேகத்தை அளக்கிற குரோனோ கருவி வைத்திருந்த மேசையில் உட்கார வைத்து, என் கையில் ஒரு பந்தைக் கொடுத்தீர்கள். கிட்டத்தட்ட 3 கிராம் எடை, 17 மில்லிமீட்டர் குறுக்களவு. அது வினாடிக்கு 300 அடிக்கு மேல் போகக்கூடாது என்பதற்காகத்தான் பந்தைச் சுடுகிற ஒவ்வொரு மார்க்கரையும் இந்தக் கருவியின் முன் சுட்டுப் பார்க்கிறோம் என்றீர்கள். 300 அடி என்றால் 90 மீட்டருக்கும் மேல். "பெரிய பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றி இருக்கிற எலும்பு தாங்கிக்கொள்ளும். இது அந்தக் குழிக்குள் நேராகப் போகிற அளவு. முதுகில் பட்டால் ஒரு வாரம் கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும்." இவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள், ஆனால் உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது எனக்கு உறைத்தது.

கண்ணாடி மங்கினால் கையைத் தூக்கு, குரல் கொடு, நான் வந்து உன்னை வெளியே கூட்டிப் போகிறேன் என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை கையைத் தூக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஜெயிக்கிற ஆட்டத்தில்கூடத் தூக்கியிருக்கிறேன். அடுத்த மாதமே எளிதில் ஆவி படியாத, இரட்டைக் கண்ணாடி வைத்த தெர்மல் மாஸ்க் வாங்கினேன், ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்ற கண் பாதுகாப்புத் தர எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து. இந்த மடலை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் எழுதுகிறேன், அண்ணா. இந்தக் கடனை அடைக்க எனக்கு வழி தெரியவில்லை.

அப்புறம், என்னை அங்கே அழைத்துப் போன நண்பனுக்கு. டேய், துப்பாக்கி மாதிரி இருக்கிற எதையும் நான் கையில் எடுக்க மாட்டேன் என்று எத்தனை தடவை சொன்னேன்! நீ வற்புறுத்தவில்லை. ஒரு நாள் மதியம் முதல் ஆட்டத்தின் கதையைச் சொன்னாய். 1981 ஜூன் 27. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், ஹென்னிக்கர் என்ற ஊரை ஒட்டிய காடு. 12 பேர் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007, வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில் இருக்கிற மாட்டுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் போடுவதற்காகச் செய்த கருவி. இன்றைக்கும் நாம் அதை மார்க்கர் என்று சொல்வது அதனால்தான் என்றாய். யார் ஜெயித்தார் தெரியுமா என்று கேட்டுவிட்டு நிறுத்தினாய். ரிச்சி ஒயிட், காட்டு மரங்களைப் பராமரிக்கிற தொழில் செய்தவர். கொடிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு காட்டைத் தாண்டி வந்தார், ஒரு முறைகூடச் சுடாமல்.

அந்த ஒரு வரிதான் என்னை இழுத்தது. சண்டை போடத் தெரியாதவனுக்கும் இந்த ஆட்டத்தில் இடம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். 12 வருடமும் நான் அப்படித்தான் ஆடினேன். சத்தம் போடாமல், ஓரமாக, கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். மார்க்கரின் மேல் மாட்டுகிற, 200 பந்து கொள்கிற ஹாப்பர் டப்பாவை நிரப்பிக்கொண்டு போய், பாதிக்கு மேல் மிச்சத்தோடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. கதை சொல்லிக் கூட்டிப் போனதற்கு நன்றிடா.

பழுது பார்க்கிற கொட்டகையில் இருக்கும் ஐயாவுக்கு அடுத்து. முதல் சம்பள உயர்வு கிடைத்ததும் பளபளக்கிற மார்க்கர் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் வந்து நின்றேன். "முதலில் நல்ல மாஸ்க், அடுத்து நல்ல ஷூ, மார்க்கர் கடைசியில்" என்று சொல்லிப் பழைய டிப்மேன் 98 மார்க்கர் ஒன்றை எனக்குத் தேடிக் கொடுத்தீர்கள். அதைத்தான் கடைசி ஆட்டம் வரை வைத்திருந்தேன். பந்தைத் தள்ளுகிற வாயு டாங்க்கை மார்க்கரில் திருகியதும் ஸ்ஸ் என்று காற்று கசிந்தால் பயப்படாதே, டாங்க் வாயில் இருக்கிற ஓரிங் என்ற ரப்பர் வளையம் கிழிந்திருக்கும், மாற்று என்றீர்கள். டாங்க்கைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று மிச்சம் இருக்கும், பந்து வெளிவருகிற குழலான பேரலின் முனைக்கு உறையைப் போட்டுத் தரையைப் பார்த்துச் சுட்டு அதை வெளியேற்றிவிட்டுத்தான் எதையும் பிரிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் செய்து காட்டினீர்கள். பெட்ரோலியம் கலந்த ஸ்ப்ரேயை நான் அடிக்கப் போனபோது தட்டிவிட்டு, மார்க்கருக்கு உரிய எண்ணெயில் சில சொட்டுதான், மற்றது ரப்பரைத் தின்றுவிடும் என்றீர்கள்.

ஒரு குளிர்காலக் காலையில் என் பந்துகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போய்க்கொண்டிருந்தன. குறி தவறுகிறது என்று நான் நொந்துபோயிருந்தேன். நீங்கள் டாங்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். உள்ளே இருப்பது திரவமாக இருக்கிற கார்பன் டை ஆக்சைடு. அது வாயுவாக மாறித்தான் பந்தைத் தள்ளுகிறது, குளிர் கூடினால் அழுத்தம் இறங்கிவிடும், வேகமாகச் சுடச் சுட டாங்க் இன்னும் குளிர்ந்துபோகும் என்று விளக்கினீர்கள். போதாக்குறைக்குக் குளிரில் பந்தின் ஜெலட்டின் ஓடும் விறைத்துப் பேரலுக்குள்ளேயே உடைகிறது என்று பேரலைத் திருப்பிக் காட்டினீர்கள். "தப்பு உன் கையில் இல்லை" என்று நீங்கள் சொன்ன அந்த வார்த்தை அன்று எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. வேலை விஷயமாக வாழ்க்கையிலேயே மோசமான வாரத்தில் நான் அங்கே வந்திருந்தேன், ஐயா. அந்த மாதமே அழுத்தக் காற்று டாங்க்குக்கு மாறிவிட்டேன்.

கேப்டன் அக்கா, உங்களுக்கு நான் குரலுக்காகக் கடன்பட்டிருக்கிறேன். நான் கூட்டத்தில் பேசாதவன். "என்ன தெரிகிறதோ அதைச் சொல்லு, சத்தமாகச் சொல்லு, தப்பாக இருந்தாலும் சொல்லு" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கர் என்கிற மறைவுத் தடுப்புக்குப் பின்னாலிருந்து கத்துவீர்கள். இடப்பக்கம் இரண்டு பேர், பெரிய பங்கரில் ஒருவர் என்று நான் முதன்முதலாகக் கத்திய நாளில், அதை நம்பி நீங்கள் எழுந்து ஓடினீர்கள். நான் சொன்னது சரிதான். ஆனால் தப்பாக இருந்திருந்தால் அடி உங்களுக்குத்தான் விழுந்திருக்கும். என் வார்த்தையை நம்பி ஒருவர் மறைவை விட்டு வெளியே ஓடுவது எனக்கு அதுவரை நடந்ததே இல்லை. ஒரே இடத்திலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்க்காதே, முழங்கையை உடம்போடு ஒட்டி வை, இதையெல்லாம் யாரிடமும் கற்றிருக்கலாம். அந்த ஓட்டத்தை உங்களிடம் மட்டும்தான் பார்த்தேன்.

இனி எழுதப் போவது எனக்குச் சிரமமான பகுதி. எதிரணியில் பச்சைச் சட்டை போட்டு ஆடியவரே, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆட்டத்தின் கடைசி நிமிடம், கொடிக்குப் பத்தடி தூரத்தில் நீங்கள். நான் சுட்டது உங்கள் முதுகுப் பக்கம் இடுப்புப் பட்டையில் பட்டு உடைந்தது. நடுவர் மறுபக்கம் இருந்தார், யாரும் பார்க்கவில்லை. எனக்கே பட்டதா இல்லையா என்று உறுதியில்லை. நீங்கள் நின்றீர்கள். பின்னால் கையை விட்டுத் தடவி, விரலில் ஒட்டிய வண்ணத்தைப் பார்த்தீர்கள். மார்க்கரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தீர்கள். உங்கள் அணி தோற்றது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, என் ஷூவில் பட்டு உடைந்த பந்தை நான் புல்லில் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஆட்டத்தில் அதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. உங்களைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால்கூட நானே கையைத் தூக்கிவிடுவேன். அன்று என்னைச் சுட்டவரிடமும் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் என் மனைவிக்கு. வண்ணம் துணியில் நிற்குமோ என்று நான் பதறியபோது, உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்காலும் சாயமும், தண்ணீரிலேயே போய்விடும் என்று படித்துப் பார்த்துச் சொன்னவள் நீ. ஆரம்பக் காலப் பந்துகளில் எண்ணெய் வண்ணம் இருந்ததாம், டர்பன்டைன் போட்டுத்தான் கழுவுவார்களாம், அதையும் நீதான் சொன்னாய். ஆட்டத்தை ஒரு நாளும் நீ ஆடியதில்லை. ஆனால் நான் கிளம்பும்போதெல்லாம் "டாங்க்கில் அழுத்தச் சோதனைத் தேதி பார்த்தாயா?" என்று கேட்காமல் விட்டதில்லை. எத்தனையோ விடுமுறை நாட்களை எனக்கு விட்டுக்கொடுத்தாய்.

மழையில் நனைந்து வலை கட்டியவர்கள், ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்தைக் கூட்டியவர்கள், நான் ஊன்றி நடந்த அந்தக் கடைசி நாளில் என் பையைத் தூக்கி வந்த பையன்கள், எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

தங்கச்சி, என் மார்க்கர் இப்போது உன்னிடம் இருக்கிறது. பேரல் உறை பையின் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது, கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்கும், மாற்றிவிடு. ஓரிங்குகள் சின்ன டப்பாவில் இருக்கின்றன. தரையில் கிடக்கிற பந்தை எடுத்து ஹாப்பரில் போடாதே. ஈரத்தில் ஊதியிருக்கும், பேரலுக்குள் உடையும். டாங்க்கைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் கொண்டுவந்து தருகிறேன். மாஸ்க்கை மட்டும் நான் தரவில்லை. உன் முகத்துக்குப் பொருந்துவதாகப் புதிதாக வாங்கிக்கொள். வாங்கப் போகும் நாளைச் சொல், நானும் கூட வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் அணியின் பழைய கொடிக்காரன்