கேட்டது யார் என்று வினாக்குறி சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் நெடுநாள் வாசகன் நான். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் தொழில் என்பதால் காற்புள்ளி, முற்றுப்புள்ளியெல்லாம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே கண்ணில் படும். சென்ற இதழின் பேட்டியில் இப்படி ஒரு வரி வந்திருந்தது:

அடுத்த தேர்தலில் போட்டியிடுவீர்களா? என்று கேட்டோம்.

இதே அமைப்பு அந்த இதழிலேயே வேறு பக்கங்களிலும் இருக்கிறது. நாளிதழ்களிலோ தினமும் பார்க்கிறேன். மேற்கோள்குறி கிடையாது, ஆனால் வாக்கியத்தின் நடுவில் வினாக்குறி மட்டும் நிற்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் ‘அவர் கேட்டார்’ என்பதை முன்னே போட்டு, கேள்வியைப் பின்னே வைக்க முடியும். நமக்கு ‘என்று’ பின்னால் வருவதால் கேள்வி வாக்கியத்தின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. குழப்பமே அங்கேதான். இதற்கு வழி இரண்டு. கேட்டவரின் வாய்ச்சொல்லை அப்படியே தருவதானால்,

“அடுத்த தேர்தலில் போட்டியிடுவீர்களா?” என்று கேட்டோம்.

சாரத்தை மட்டும் சொல்வதானால்,

அடுத்த தேர்தலில் போட்டியிடுவாரா என்று கேட்டோம்.

முதல் வாக்கியத்தில் வினாக்குறி மேற்கோளுக்குள் இருக்கிறது. அதை அடுத்துக் காற்புள்ளி தேவையில்லை. இரண்டாவதில் வினாக்குறியே வேண்டாம். அது ஒரு கேள்வியைப் பற்றிய செய்தி, கேள்வி அல்ல. ‘போட்டியிடுவீர்களா’ என்பது ‘போட்டியிடுவாரா’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். நேரில் கேட்ட சொற்களா, நிருபர் சுருக்கித் தந்ததா என்பது வாசகனுக்கு இதிலிருந்து புரிந்துவிடும். இரண்டையும் கலந்து எழுதினால் அது தெரியாமல் போகிறது. நீதிமன்றச் செய்தியில் நீதிபதி கேட்டதாக வரும் ஒரு வரியை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்ன சொற்கள் எவை, நிருபரின் சொற்கள் எவை என்று தெரிவது அங்கே எவ்வளவு முக்கியம்!

கேள்வி மேற்கோளுக்கு வெளியே இருந்தால் குறியும் வெளியேதான் வர வேண்டும். “நான் வரமாட்டேன்” என்றா சொன்னார்? இதில் கேட்பது எழுதுபவர். மேற்கோளுக்குள் இருப்பவர் எதையும் கேட்கவில்லை.

ஓலைச்சுவடிகளில் வினாக்குறி கிடையாது. வினா எழுத்துகளே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன: சொல்லின் முதலில் எ, யா, இறுதியில் ஆ, ஓ, இரண்டு இடத்திலும் ஏ. அச்சு வந்த பிறகுதான் இந்தக் குறிகள் நம்மிடம் நிலைத்தன. ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்டு காட்டினார்கள். அப்படியானால் ‘வந்தானா’ என்று எழுதினாலே போதுமே, குறி எதற்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். “இன்னும் கிளம்பலை?” என்று ஒரு கதாபாத்திரம் பேசும்போது என்ன செய்வார்கள்? வினா விகுதியே இல்லாத அந்த வரியைக் கேள்வியாக்குவது குறி மட்டும்தான். பேச்சுத் தமிழை எழுத்தில் கொண்டுவரும் கதைகளுக்கு அது இல்லாமல் முடியாது.

அதே வசதியைத்தான் தலைப்புகளில் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம். ‘கட்சி மாறுகிறார் முன்னாள் அமைச்சர்?’ என்று போடும்போது யார் யாரைக் கேட்கிறார்கள்? செய்தியைச் சொல்லியாயிற்று, பொறுப்பு மட்டும் இல்லை. அடைப்புக்குறிக்குள் போடும் வினாக்குறி இன்னும் மோசம். ஒரு புலவரின் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதபோது ஆண்டுக்குப் பக்கத்தில் (?) என்று இடுவது நேர்மையான வழக்கம். ‘நேர்மையான(?) அதிகாரி’ என்று எழுதுவதோ ஆதாரம் காட்டாமல் ஒருவர்மேல் சேற்றை வீசுவது. குற்றச்சாட்டு இருந்தால் வாக்கியமாக எழுதட்டும். அவரும் பதில் சொல்வார்.

அப்புறம், பள்ளி வினாத்தாள்கள். ‘எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக?’, ‘சிறுகுறிப்பு வரைக?’ என்றெல்லாம் கையெழுத்துப் படியிலேயே எழுதி வருகிறது. ‘தருக’, ‘வரைக’ என்பவை கட்டளையைச் சொல்லும் வியங்கோள் வினைகள், கேள்விகள் அல்ல. அங்கே முற்றுப்புள்ளி போதும். நிறுத்தற்குறி பற்றிய கேள்வி இருக்கும் தாளிலேயே இந்தப் பிழையும் இருந்தால், படிக்கிற பிள்ளைகள் எதைப் பின்பற்றுவார்கள்?

‘யார் வந்தாலும்’, ‘எத்தனை முறை சொன்னாலும்’, ‘யாரோ’, ‘எங்கேயோ’ என்று வினாச்சொல் தலைகாட்டியதும் வினாக்குறி போட்டுவிடுவதும் உண்டு. அவை கேள்விகளே அல்ல. ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று குறிகள், வினாக்குறியோடு வியப்புக்குறி, வினாக்குறியை ஒட்டி முற்றுப்புள்ளி, இவை எதுவும் செய்திப் பக்கத்துக்குத் தேவையில்லை. குறிக்கு முன்னால் இடைவெளியும் விடக் கூடாது. விட்டால் குறுகிய பத்தியில் சொல் மேல்வரியிலும் வினாக்குறி கீழ்வரியின் தொடக்கத்தில் தனியாகவும் போய் நிற்கும். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் அப்படி நின்றிருக்கிறது.

உங்கள் உதவி ஆசிரியர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். முதலில் ‘என்று’வுக்கு முன்னால் வரும் வினாக்குறியையும் தலைப்புகளையும் மட்டும் கவனித்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
அச்சகப் பணியாளர் ஒருவர்,
சிவகாசி