மாணவர் மனநலக் கணக்கெடுப்பை ரகசியம் காத்து நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தாய், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: பள்ளிகளில் மாணவர் மனநலக் கணக்கெடுப்பை ரகசியம் காத்தும், ஆலோசகரின் தொடர் உதவியோடும் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பகுதியில் தாய் தகப்பன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, பாட்டி வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைகள் பலர். மதிப்பெண் அட்டையில் பாட்டியின் கைநாட்டை வாங்கி வரும் பிள்ளையிடம், இரவில் தூங்கினாயா என்று கேட்க வீட்டில் ஆளில்லை. ஆகவே பள்ளியில் மனநலக் கணக்கெடுப்பு நடத்துவதை நான் மனமார வரவேற்கிறேன். அதை நடத்தும் முறை குறித்தே இம்மனு.

கடந்த கல்வியாண்டில் என் மகளின் வகுப்பில் இப்படி ஒரு தாள் கொடுக்கப்பட்டது. மேலே பெயரும் எமிஸ் எண்ணும் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குள்ள அடையாள எண்) எழுதச் சொல்லி, வகுப்புத் தலைவியை விட்டு வரிசை வரிசையாகத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். அவளும் சிறுமிதானே, வாங்கும்போதே படித்துவிட்டாள். "அழுகை வருகிறது" என்று எழுதிய பிள்ளை மாலை மணி அடிப்பதற்குள் கேலிப்பொருள் ஆனாள். என் மகளோ எல்லாக் கேள்விக்கும் நன்றாக இருப்பதாகவே எழுதியிருக்கிறாள். ஏன் என்றேன், "மிஸ் படிப்பாங்கல்லம்மா" என்றாள். அதன்பின் ஆலோசகர் எவரும் வரவில்லை. பாடமும் பதிவேடும் போக நேரமில்லாத ஆசிரியர்களை இதற்காக நான் குறை கூறவில்லை.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் 2022 ஜனவரி முதல் மார்ச் வரை 6 முதல் 12 வரையான வகுப்புகளில் சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலக் கணக்கெடுப்பு நடத்தியபோது, பிள்ளைகள் தயங்காமல் எழுதட்டும் என்று பெயர் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கவில்லை. கேள்விகளும் அதிகம் வேண்டியதில்லை. மனநலனை அறிய உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் ஒன்றில் ஐந்தே கேள்விகள்: கடந்த இரண்டு வாரங்களில் மனம் உற்சாகமாக இருந்ததா, தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு நோய் என்று பொருளல்ல, அருகில் அமர்ந்து பேச வேண்டும் என்றுதான் பொருள்.

பெயரே இல்லாவிட்டால் உதவி தேவைப்படும் பிள்ளையை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி நியாயமானது. அதற்காகப் பெயரில்லாத கேள்வித்தாளோடு தனிச்சீட்டு ஒன்றும் கொடுக்கலாம். பேச விரும்பும் பிள்ளை அதில் தன் பெயரையும், மற்றவர்கள் "வேண்டாம்" என்றும் எழுதி, எல்லோரும் ஒன்றுபோல மடித்துப் பூட்டிய பெட்டியில் போட்டால், யார் கேட்டது என்பது பக்கத்து இருக்கைக்கும் தெரியாது. பெட்டியைத் திறப்பவர் வகுப்பாசிரியராக அல்லாமல் ஆலோசகராக இருத்தல் வேண்டும்.

எனவே, மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ ஒரு வாரத்துக்குள் வந்து பிள்ளைகளைச் சந்திக்க நாள் குறித்த பின்னரே எந்தப் பள்ளியிலும் தாள் கொடுக்கப்பட வேண்டும் என்றும், பதில்களை எமிஸ் பதிவிலோ மாற்றுச் சான்றிதழிலோ எவ்வகையிலும் சேர்க்கக் கூடாது என்றும், படிக்கத் தெரியாத பாட்டி தாத்தாக்களுக்கும் புரியும்படி முன்கூட்டியே வாய்மொழியாக விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சீட்டின் அடியில் 14416 (மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி) ஆகிய தொலைபேசி எண்களைக் கொட்டை எழுத்தில் அச்சிடலாம். பரீட்சை நாட்களைத் தவிர்த்து, பென்னாகரம் வட்டத்தில் இரண்டு மூன்று பள்ளிகளில் முதலில் நடத்திப் பார்த்து, அதில் தெரியவரும் குறைகளைச் சரிசெய்த பின் மாவட்டம் முழுவதும் விரிவுபடுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: பென்னாகரம்
நாள்:

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், தருமபுரி.