பொதுச்செயலாளர் யார் என்பதோடு இதையும் கேளுங்கள்

மதுரை, மார்ச் 26, 2025

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த வாரம், ஏப்ரல் 2 முதல் 6 வரை, எங்கள் ஊர் தமுக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் 24-வது அகில இந்திய மாநாடு நடக்கிறது. சென்ற செப்டம்பரில் சீதாராம் யெச்சூரி காலமானதிலிருந்து பொதுச்செயலாளர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. பிரகாஷ் காரத் ஒருங்கிணைப்பாளராக இருந்து பார்த்துக்கொள்கிறார். அடுத்தவர் யார் என்று உங்கள் பத்திரிகையிலும் மற்றவற்றிலும் தினமும் படிக்கிறேன். எம்.ஏ. பேபி, அசோக் தாவ்லே, பி.வி. ராகவலு, முகமது சலீம் என்று பெயர்கள் அடிபடுகின்றன. நான்கு பேரும் ஆண்கள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் கட்சி உறுப்பினர் இல்லை. வில்லாபுரத்தில் முப்பத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா மில் தொழிலாளி, செங்கொடிச் சங்கத்துக்காரர். 1972-ல் இதே மதுரையில் கட்சியின் ஒன்பதாவது மாநாடு நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு, அதில் என்னை உட்கார வைத்து அப்பா ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனார். தலைவர்கள் முகம் எதுவும் நினைவில் இல்லை. வெளியூரிலிருந்து வரும் தோழர்கள் சாப்பாட்டுக்காக அம்மாவும் தெருப் பெண்களும் வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கிச் சாக்கில் கொட்டியதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது என் கடையில் பதினான்கு சிவப்புச் சட்டைகள் கிடக்கின்றன. கடைசி நாள் செந்தொண்டர் அணிவகுப்பில் நடக்கப்போகிற பெண்களுடையவை. மொத்தமாக வாங்கிய ரெடிமேட் சட்டைகள், ஆண்கள் அளவுக்கு வெட்டியவை. பெண்கள் போட்டால் தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கிறது. கையைப் பிரித்து, தோளை இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே எடுத்து, மறுபடி கை வைத்துத் தைக்கிறேன். புதுச் சட்டை தைப்பதைவிட இது இரண்டு மடங்கு வேலை.

சட்டை கொடுக்க வந்தவர்களில் ஒரு கல்லூரி மாணவி. அளவு எடுக்கும்போது, "டெய்லரக்கா, பொதுச்செயலாளரா யாரு வருவாங்க?" என்று கேட்டாள். பேப்பரில் படித்த பெயர்களைச் சொன்னேன். "ஏன், பிருந்தா காரத் வரக்கூடாதா?" என்றாள். கட்சியின் மத்தியக் குழுவில் இருக்க 75 வயதுதான் வரம்பு, அவருக்கு 77 நடக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம், "அப்ப வயசு இருந்தப்ப ஏன்க்கா போடல?" என்று கேட்டுவிட்டாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக மிஷினில் உட்கார்ந்தால் அதே கேள்விதான் மனதில் ஓடுகிறது.

2015-ல் விசாகப்பட்டினம் மாநாட்டில், அப்போது பொதுச்செயலாளராக இருந்த பிரகாஷ் காரத்துக்குப் பிறகு யார் என்று பேச்சு வந்தது. யெச்சூரியா, எஸ். ராமச்சந்திரன் பிள்ளையா என்றுதான் பேசினார்கள். பிள்ளைக்கு அப்போது 77 வயது. பிருந்தாவுக்கு 67. அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் கட்சியின் உச்சக் குழுவான அரசியல் தலைமைக்குழுவில் இருந்தார். அவர் பிரகாஷ் காரத்தின் மனைவி. கணவரை அடுத்து மனைவியா என்று ஊர் பேசும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் யாருடைய மனைவி என்பதை வைத்தா அவரை எடை போடுவது? தலைமையில் பெண்கள் போதவில்லை என்று முன்பொருமுறை மத்தியக் குழுப் பொறுப்பையே விட்டு விலகியவர் அவர். 2022 ஏப்ரலில் டெல்லி ஜஹாங்கீர்புரியில் வீடு கடைகளை இடித்துக்கொண்டிருந்தபோது, உச்ச நீதிமன்ற உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு புல்டோசர் முன்னால் போய் நின்றாரே, அப்போது அவருக்கு 74 வயது.

1964-ல் கட்சி தொடங்கியபோது தலைமைக்குழுவில் ஒன்பது பேர். நம் பி. ராமமூர்த்தியும் அதில் ஒருவர். ஒன்பதும் ஆண்கள். முதல் பெண் அந்தக் குழுவுக்குள் வர 2005 ஆனது, அதாவது 41 வருடம். வந்தவர் பிருந்தாதான். முதல் தலித் வருவதற்கு 2022 வரை, 58 வருடம் ஆனது. இதுவரை இருந்த ஐந்து பொதுச்செயலாளர்களும் ஆண்கள்: சுந்தரய்யா, இ.எம்.எஸ்., சுர்ஜித், காரத், யெச்சூரி. ஐந்து பேர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. யெச்சூரி இறந்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகத் தெரியும். 1996-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தேர்தல் நடந்தது. நெசவு வேலை பார்த்துக்கொண்டிருந்த லீலாவதி இதே வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கவுன்சிலரானார். அப்போது இங்கே குடிதண்ணீருக்குக் குடம் குடமாகக் காசு கொடுப்போம். தையலில் வருகிற கூலியில் எவ்வளவு தண்ணீருக்குப் போகிறது என்று தனியாகக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். மாநகராட்சிக் குழாய் வரவேண்டும் என்று அவர் விடாமல் நின்றார், தண்ணீர் விற்றவர்களுடைய பகையைச் சம்பாதித்தார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கவுன்சிலராகி ஒரு வருடம்கூட முடியவில்லை. சட்டம் அந்த இடத்தை ஒதுக்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலிக்கு அவர் பெயரை யார் நினைத்திருப்பார்கள்? இடம் கொடுத்ததால்தானே அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்தது.

வயது வரம்பு நல்ல விதிதான். 2022-ல் கண்ணூர் மாநாட்டில் பினராயி விஜயனுக்கு மட்டும், கேரள முதலமைச்சர் என்பதால், விலக்கு கொடுத்தார்கள். பிருந்தாவுக்கும் அப்படிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கண்ணூரில் தலைமைக்குழுவுக்குத் தேர்ந்தெடுத்த 17 பேரில் பெண்கள் இரண்டே பேர், பிருந்தாவும் சுபாஷினி அலியும். இருவரும் 75-ஐத் தாண்டியவர்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் இறங்குகிறார்கள். அந்த இரண்டு இடத்தில் யார் வரப்போகிறார்கள் என்று ஒரு பத்திரிகையும் எழுதக் காணோம்! அங்கே பெண்கள் இல்லாவிட்டால் அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும், பொதுச்செயலாளர் பேச்சு வரும்போது இதே மாதிரி நான்கு ஆண்கள் பெயரைத்தான் படிப்போம்.

என் கணக்கைக் கேட்டால், இந்த முறை பேபிதான் வருவார். கட்சி ஆட்சியில் இருக்கும் ஒரே மாநிலம் கேரளம், அங்கே அமைச்சராக இருந்தவர், வயதும் எழுபத்தொன்றுக்குள். ஆசையைக் கேட்டால் தாவ்லே. 2018-ல் நாசிக்கிலிருந்து மும்பைக்கு விவசாயிகளோடு நடந்தவர். அந்த விவசாயிகளின் பாதங்களை டி.வி.யில் காட்டினார்கள், தோல் உரிந்து தொங்கியது. இன்றும் கண்ணில் நிற்கிறது. யார் வந்தாலும் சரி, தலைமைக்குழுவில் இரண்டு இடம் நான்காக வேண்டும். மாதர் சங்கத்தின் பொதுச்செயலாளர் மரியம் தாவ்லே இருக்கிறார். நம் உ. வாசுகி இருக்கிறார். பாப்பா உமாநாத்தின் மகள் என்று சொல்லி வாசுகியைச் சிறிதாக்க வேண்டாம், அவர் போகாத போலீஸ் ஸ்டேஷன் வாசல் உண்டா? நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த ஜானகி அம்மாளை 1967-ல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊரில் மாநாடு நடக்கிறது. கட்சிக்கு இன்று மக்களவையில் இருக்கும் நான்கு பேரில் இருவர் மதுரையும் திண்டுக்கல்லும் கொடுத்தவர்கள். இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

6-ம் தேதி புதிய பொதுச்செயலாளர் நிருபர்களைச் சந்திப்பார். உங்கள் நிருபரும் அங்கே இருப்பார். கூட்டணி, தேர்தல் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "வயசு இருந்தப்ப ஏன் போடல?" என்று வில்லாபுரத்தில் ஒரு பெண் கேட்டாள் என்று சொல்லி, அவர் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள். அவள் அன்று அணிவகுப்பில் நடந்துகொண்டிருப்பாள். மறுநாள் பேப்பரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.