காண்டாமிருகத்தின் சாவுக் கோப்பில் 'விபத்து' என்று எழுதும் முன்

காண்டாமிருகங்களைப் பராமரிக்கும் வனத்துறைகளின் தலைவர்களுக்கும், அவற்றை இடம் மாற்ற அனுமதி தரும் குழுக்களுக்கும்,

வணக்கம். கள்ள வேட்டையில் ஒரு காண்டாமிருகம் செத்தால் தோட்டாவைத் தேடுகிறீர்கள், வழக்குப் பதிகிறீர்கள், பொறுப்பாளி யார் என்று கேட்கிறீர்கள். அதுவே வெள்ளத்தில் மூழ்கியோ, மயக்க ஊசிக்குப் பின் எழாமலோ, குழியில் விழுந்தோ செத்தால் பதிவேட்டில் ஒற்றைச் சொல்தான்: 'விபத்து'. அத்தோடு கோப்பு மூடப்படுகிறது. எங்கள் வழக்கு அந்தச் சொல்லோடுதான். அதன்கீழ் போகும் சாவுகளில் பல, யாரோ ஒருவர் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்தவை.

கென்யாவில் 2018-இல் நடந்ததையே பாருங்கள். நைரோபி, நகுரு ஏரி தேசியப் பூங்காக்களிலிருந்து 11 கருப்புக் காண்டாமிருகங்களைச் சாவோ கிழக்குப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் 10 செத்தன. மிஞ்சிய ஒன்றைச் சிங்கங்கள் தாக்கின, அதுவும் பிழைக்கவில்லை. பட்டியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்த உப்புநீர்.

உப்புநீர் எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த விலங்கு முதலில் தொட்டியை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். உடம்பு வற்ற வற்ற வேறு வழியில்லாமல் குடிக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறும், செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும், தாகம் இன்னும் கூடும். அது மறுபடி அதே தொட்டிக்குத்தான் போகும். மூளைச் செல்கள் சுருங்கும்போது தள்ளாட்டமும் வலிப்பும் வரும். தாமதமாக விழித்துக்கொண்ட பணியாளர் பதறிப்போய் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் நிறையக் கொடுத்தால், சுருங்கிய மூளை வீங்கி அதுவே சாவுக்குக் காரணமாகலாம். சிறிது சிறிதாக, நேர இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது மேற்பார்வை ஆகாது. எவ்வளவு குறைந்தது என்று காலையும் மாலையும் குறித்து வைக்க வேண்டும். குடிக்காத முதல் நாளே எச்சரிக்கை மணி.

அதே 2018-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து சாடு நாட்டின் சக்கூமா பூங்காவுக்குப் போன 6 கருப்புக் காண்டாமிருகங்களில் 4 சில மாதங்களில் இறந்தன. அங்கே சிக்கல் தீவனம். புதிய இடத்துத் தழை அவற்றுக்கு ஒத்துவரவில்லை, உடலில் இருந்த கொழுப்பு கரைந்துபோனது. எலும்பு துருத்திய பின் ஓடுவதில் பயனில்லை. விட்ட நாள்முதல் முதுகு, இடுப்பு, பின்தொடைச் சதை எப்படி இருக்கிறது என்று வாரம்தோறும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மயக்க ஊசி. இதில் பயன்படும் எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து சில மில்லிகிராமிலேயே ஒரு டன் எடையைச் சாய்த்துவிடும். ஊசி தைத்ததும் விலங்கு அங்கேயே விழுவதில்லை, சில நிமிடங்கள் ஓடும். அந்த ஓட்டம் எங்கே முடியும் என்று யோசிக்காமல் சுடுவதுதான் முதல் பிழை. பக்கத்தில் ஏரியோ செங்குத்துச் சரிவோ இருந்தால் சுடவே கூடாது. முழங்கால் ஆழத் தண்ணீர் போதும், மயங்கிய காண்டாமிருகத்தின் மூக்கு அதில் முங்கிவிடும். விழுந்த பின் முதல் வேலை தலையைப் பார்ப்பது: கழுத்து மடங்கியிருக்கிறதா, மூக்குத் துளையில் மண் அடைத்திருக்கிறதா?

எட்டார்ஃபின் மூச்சை மட்டுப்படுத்தும். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு இந்தப் பாதிப்பு அதிகம். மூக்கு வழியே குழாய் செருகி ஆக்சிஜன் கொடுப்பதும், பியூட்டார்ஃபனால் என்ற மருந்தைச் செலுத்தி மூச்சைக் கொஞ்சம் மீட்பதும் இன்று தெரிந்த முறைகள். சிலிண்டரை ஜீப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவருவது தெரியாத குறை அல்ல, அசட்டை. உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். 41-ஐ நெருங்கினால் மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு மாற்று மருந்தைச் செலுத்தி எழுப்ப வேண்டும். காலை மடக்கி அதே நிலையில் நெடுநேரம் கிடந்தால் சொந்த எடையே காலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும், எழுந்தபின் அந்தக் கால் ஊன்றாது.

ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குவதைப் பலர் கொடுமை என்கிறார்கள். நமீபியாவில் 12 கருப்புக் காண்டாமிருகங்களை வைத்துச் செய்த ஆய்வில், பக்கவாட்டில் படுத்திருப்பதைவிடத் தொங்கும் நிலையில் மூச்சு மோசமாகவில்லை, சற்று மேலாகவே இருந்தது. பார்க்கக் கொடுமையாகத் தெரிகிறதே என்று கவலைப்படாதீர்கள். அளந்து பார்த்துக் கவலைப்படுங்கள்.

குழிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூடாத செப்டிக் டேங்க், கைவிட்ட கிணறு, கோடையில் சேறாகிப்போன குளம் எல்லாமே பொறிதான். சரிவான ஒரு பக்கம் வெட்டி வைத்தால் விழுந்தது ஏறி வந்துவிடும். மின்வேலியில் இரண்டு வகையைக் குழப்பக் கூடாது. முறையான கருவி ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கண்ணிமைப்பதற்குள் துடிப்பாக விட்டுவிட்டு அனுப்பும், விலங்கு அதிர்ந்து விலகும். வீட்டு மின்கம்பியில் கொக்கி போட்டு இழுத்த 230 வோல்ட் விடாமல் பாய்ந்து கொல்லும்.

அசாமின் காசிரங்கா பூங்காவில் பிரம்மபுத்திரா பெருகும்போது விலங்குகள் கர்பி ஆங்லாங் குன்றுகளை நோக்கி ஏறும். இடையில் கிடப்பது தேசிய நெடுஞ்சாலை 715. வெள்ளக் காலத்தில் விலங்குகள் கடக்கும் இடங்களில் 40 கி.மீ. வேக வரம்பு வைப்பது நல்லதுதான், ஆனால் பலகை வண்டியை நிறுத்தாது. இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு இடையிலான நேரத்தைச் சீட்டில் குறித்துச் சரிபார்ப்பதுதான் நிறுத்தும். பூங்காவுக்குள் எழுப்பிய மண்மேடுகளிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஓரம் செங்குத்தாக அரித்துப்போனால் தாய் ஏறிவிடும், குட்டி ஏறாது.

'இது இயற்கை, நாம் என்ன செய்வது?' என்ற பதிலுக்குத் தென்னாப்பிரிக்காவின் பிலனஸ்பர்க் பூங்காவில் நடந்ததே போதும். 1990-களில் அங்கே 40-க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை யானைகள் கொன்றன. கொன்றவை பெரிய ஆண் யானைகளின் துணையின்றி வளர்ந்த இளசுகள், வயதுக்கு முன்பே மதம் பிடித்து நெடுநாள் நீடித்தவை. 1998-இல் அதே நாட்டின் க்ரூகர் பூங்காவிலிருந்து 6 முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன.

நாங்கள் கேட்பது இதுதான். 'விபத்து' என்ற ஒற்றைக் கட்டத்தைப் பிரேதப் பரிசோதனைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேள்விகளை வையுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது? ஊசி தைத்ததற்கும் மாற்று மருந்துக்கும் இடையே எத்தனை நிமிடம்? கண் திரவத்தில் சோடியம் எவ்வளவு? செத்தபின் ரத்தத்தின் கணக்கு சீக்கிரம் மாறிவிடும், கண் திரவம் சற்று நேரம் தாங்கும் என்பதால் அதை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இடமாற்றக் கோப்பு மேசைக்கு வரும்போது, சேரப்போகும் இடத்துத் தண்ணீரின் ஆய்வுச் சீட்டு அதில் இருக்க வேண்டும். கிணறு தோண்டிய அன்று எடுத்த பழைய சீட்டு வேண்டாம், விலங்கு குடிக்கப்போகும் தொட்டியில் அந்த வாரமே எடுத்த மாதிரி வேண்டும். அது இல்லாவிட்டால் லாரி கிளம்பக் கூடாது.

இப்படிக்கு,
காண்டாமிருகங்களோடு களத்தில் வேலை செய்வோர்