கடையை விற்றது நல்லதா என்று கேட்டாய்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தேவலை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் விட்டபாடில்லை. எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: லண்டன் டூட்டிங்கில் இருந்த கடையைக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்கு வந்தது நல்லதா என்று. அதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நீ விற்றது கடையைத்தான், கம்பெனியை இல்லை. மகன் என்றாவது இங்கே வந்தால் உதவும் என்று மூடாமல் வைத்திருக்கிறாயே, அதற்கு நீதான் இன்னும் இயக்குநர். 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்கள் எல்லோரும் தாங்கள் யார் என்று, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸுக்கு நிரூபிக்க வேண்டும். புதிதாகச் சேருபவர் உடனே செய்ய வேண்டும். உன்னைப் போல ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, கம்பெனி விவரம் சரிதான் என்று வருடா வருடம் கொடுக்கும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்டை அடுத்த முறை போடும்வரை நேரம் உண்டு. வியாபாரமே நடக்காத கம்பெனிக்கும் விதிவிலக்கு இல்லை.

அரசாங்கத்தின் ஒன் லாகின் செயலியிலேயே இலவசமாகச் செய்யலாம். சிப் உள்ள பாஸ்போர்ட் இருந்தால் திருச்சியில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். போன வாரம் மளிகைக்கடைக்காரர் ஒருவர் என் மேசையில் உட்கார்ந்து செய்தார். பாஸ்போர்ட் மேல் ஃபோனை வைக்கிறார், எடுக்கிறார், திருப்பி வைக்கிறார், சிப்பைப் படிக்கவே இல்லை. ஃபோனின் தடித்த தோல் உறையைக் கழற்றச் சொன்னேன். அடுத்த நொடி படித்துவிட்டது. நீயும் உறையைக் கழற்றிவிட்டு ஆரம்பி. முடிந்ததும் 11 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடு வரும், பத்திரமாக வைத்துக்கொள். பங்கு முழுவதும் உன் பெயரில் இருப்பதால் அதை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். இயக்குநர் என்ற முறையில் ஸ்டேட்மென்டோடு ஒரு முறை, உரிமையாளர் என்ற முறையில் தனியாக இன்னொரு முறை. இரண்டாவதற்கு ஸ்டேட்மென்ட் தேதிக்குப் பிறகு 14 நாள்தான் அவகாசம். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தொல்லைதான், ஆனால் இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் யார் பெயரை எழுதிக் கொடுத்தாலும் பதிவாகிவிடும். வர்த்தக அமைச்சராக இருந்த வின்ஸ் கேபிளின் பெயரையே இயக்குநராகப் போட்டு ஒருவர் கம்பெனி பதிவு செய்தார். ஓட்டை எவ்வளவு பெரிது என்று காட்டத்தான் செய்தேன் என்றார். கடைசியில் தண்டனை அவருக்குத்தான்! அந்த ஓட்டையை அடைக்க 2023-இல் ஒரு சட்டம் வந்தது. செலவும் கூடியது. 2024 ஏப்ரல் வரை ஆன்லைனில் கம்பெனி தொடங்க 12 பவுண்ட், அப்புறம் 50, 2026 பிப்ரவரியிலிருந்து 100.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நம் ஆட்களின் கடைகளில் இப்போது பேச்செல்லாம், ஊழியர் சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸைப் பற்றித்தான். 2025 ஏப்ரலில் முதலாளி கட்ட வேண்டிய விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. முன்பு ஒருவரின் சம்பளத்தில் வருடத்துக்கு 9,100 பவுண்டுக்கு மேல்தான் கணக்கு ஆரம்பிக்கும், இப்போது 5,000-லேயே ஆரம்பிக்கிறது. மாலையில் கல்லாவில் நிற்க வரும், 21 வயது நிரம்பிய மாணவிக்கு வருடம் 10,000 பவுண்ட் கொடுக்கிறாய் என்று வை. முன்பு அவளுக்காக நீ கட்டியது 124 பவுண்டும் சில்லறையும். இப்போது 750. பெரிய சம்பளம் வாங்கும் மேலாளரை விட, கொஞ்ச நேரம் வேலை பார்ப்பவருக்குத்தான் விகிதப்படி சுமை அதிகம் ஏறியிருக்கிறது.

ஆனால் உன் கடை அளவுக்கு இது அவ்வளவாக வலித்திருக்காது. எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு இல்லையா, அதை 5,000-லிருந்து 10,500 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். அந்த மாணவியைப் போல 14 பேர் இருந்தாலும் நீ ஒரு பைசா கட்ட வேண்டாம். மாட்டிக்கொண்டவர்கள் மூன்று, நான்கு கடை வைத்திருப்பவர்கள். கடைக்கு ஒரு கம்பெனி என்று தனித்தனியாகப் பதிவு செய்திருந்தாலும் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் தள்ளுபடி ஒன்றுதான். நீ இன்னும் இரண்டு கடை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? எடுத்திருந்தால் இன்று என் எதிரே உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருப்பாய்.

குறைந்தபட்சக் கூலி 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.21 பவுண்ட். 2026 ஏப்ரலிலிருந்து 12.71. வாடகையும் மின்சாரமும் லண்டனில் விற்கிற விலைக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

உணவகக்காரர்கள் பாடுதான் உண்மையிலேயே மோசம். 2025 ஜூலை 22-இலிருந்து வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பட்டப்படிப்பு அளவிலான வேலையாக இருக்க வேண்டும், பொதுச் சம்பள வரம்பும் 41,700 பவுண்ட். சமையற்காரர் வேலை பட்டியலிலிருந்தே போய்விட்டது. ஊரிலிருந்து ஒரு நல்ல தோசை மாஸ்டரைக் கூட்டிவர இனி அந்த வழி இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் கல் முன்னால் நிற்கத் தயாராக இல்லை. கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் சாப்பிடப் போனால் எனக்கு இப்போது சாம்பாரை விட இந்தக் கவலைதான் முதலில் வருகிறது.

வேலைச் சட்டமும் மாறுகிறது. ஒருவரை நீக்கினால் அது நியாயமில்லை என்று அவர் வழக்குப் போட, உன் காலத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் ஆறு மாதம் போதும். முதல் நாளிலிருந்தே என்றுதான் அரசு முதலில் சொன்னது, அப்புறம் இறங்கி வந்தது. வாய்வார்த்தையாக "நாளையிலிருந்து வா" என்று ஆள் எடுத்துப் பழகிய நம்மவர்கள் இனியாவது காகிதத்தில் எழுத வேண்டும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்னொன்று. டூட்டிங் மாடி வீட்டு வாடகை உன் பெயரில்தானே வருகிறது? வருமான வரியை டிஜிட்டலாக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்பச் சொல்கிறார்கள். 2026 ஏப்ரலிலிருந்து 50,000 பவுண்டுக்கு மேல் வரவு உள்ளவர்களுக்கு, 2027-இல் 30,000, 2028-இல் 20,000. லாபத்தை இல்லை, செலவு கழிக்காத மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். உன் வாடகை இந்த எல்லைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக, விற்றதற்கு வருத்தப்படாதே. ஆனால் இந்தச் சட்டங்களுக்குப் பயந்து விற்றிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். ஒரே கடைக்காரர்கள் இப்போதும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பார்த்து உடனே எழுது. கம்பெனியை மூடிவிடலாம் என்றால் அதையும் சொல், நானே விண்ணப்பம் தயார் செய்து அனுப்புகிறேன். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்.

தங்கைக்கு என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்