ஓவிய சாருக்கு: பிள்ளைகளை முதலில் நடக்க விடுங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளைப் பொள்ளாச்சியிலிருந்து வேன் வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொச்சியில் நடக்கும் கலைவிழாவான கொச்சி-முசிறிஸ் பினாலேவுக்கு அழைத்து வரலாமா, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இதே யோசனையில் வேறு ஊர் ஓவிய ஆசிரியர்களும் இருப்பார்கள் என்பதால் பதிலை இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கட்டாயம் அழைத்து வாருங்கள் சார். ஆனால் எல்லாவற்றையும் பார்க்கவே வேண்டாம். கண்காட்சி ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி முழுக்கப் பல கட்டடங்களில் பரவிக் கிடக்கும். ஓடி ஓடிப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கால்வலிதான் மிஞ்சும். காலையில் ஊருக்குள் ஒரு நடை, மதியம் இரண்டே இரண்டு கண்காட்சி இடங்கள், மாலையில் ஒரு கலைஞரின் பேச்சு. இவ்வளவு போதும். நடையையும் பேச்சையும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். 2012 டிசம்பர் 12-ம் தேதி கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் இந்த விழாவைத் தொடங்கியபோது, இதற்கென்று புதிதாகக் காட்சிக்கூடம் எதுவும் கட்டவில்லை. பழைய குடோன்களையும் வணிகர்களின் கட்டடங்களையும்தான் எடுத்துக்கொண்டார்கள். விழாவின் முக்கிய இடமான ஆஸ்பின்வால் ஹவுஸ் 1867-ல் ஓர் ஆங்கிலேய வணிகர் தொடங்கிய கம்பெனியின் இடம். மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய், பிறகு கயிறு, காபி, தேயிலை என்று இங்கிருந்து கப்பலேறிய சரக்குக்குக் கணக்கில்லை. இன்னோர் இடமான பெப்பர் ஹவுஸுக்கு அந்தப் பெயரே போதும், விளக்கம் வேண்டாம். இதெல்லாம் தெரியாமல் உள்ளே போகிற பிள்ளைக்கு அது வெறும் பழைய சுவர். தெரிந்துகொண்டு போனால், அந்தச் சுவருக்கும் அதில் மாட்டியிருக்கும் படைப்புக்கும் நடுவில் ஏதோ பேச்சுவார்த்தை நடப்பது காதில் விழும்.

விழாவின் பெயரில் இருக்கும் முசிறிஸ், சங்கப் பாட்டில் வரும் நம் முசிறித் துறைமுகம்தான். அதை நம் பிள்ளைகளுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ம் பாட்டு சொல்கிறது. தமிழ் ஐயா வகுப்பில் கேட்டிருப்பார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். முசிறி இருந்த இடம் என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் 2007-லிருந்து நடந்த அகழாய்வில் குவியல் குவியலாகப் பானையோடுகள் கிடைத்தன. முதல் பினாலேவில் கலைஞர் விவான் சுந்தரம் அந்த ஓடுகளில் ஒதுக்கப்பட்டவற்றை எடுத்து, தரையில் ஒரு கற்பனை நகரத்தையே அமைத்தார். அதில் மிளகும் உண்டு. பாட்டில் படித்த ஊரை ஒருவர் ஓட்டுச்சில்லுகளால் திரும்பக் கட்டினார் என்று நீங்கள் வகுப்பிலேயே சொல்லிவிட்டு அழைத்து வந்தால், பாதி வேலை முடிந்தது.

நடையைக் கல்வத்தி சாலையில் தொடங்கி, பஜார் சாலை வழியாக மட்டாஞ்சேரிக்குக் கொண்டு போங்கள். அரிசி, வெங்காயம், சுக்கு, மிளகு மூட்டைகள் இன்றும் அந்தச் சாலையில்தான் இறங்குகின்றன. முன்னால் கடை, பின்னால் குடோன், அதற்கும் பின்னால் காயல். பிள்ளைகள் நோட்டில் வரைய வேண்டியது இதைத்தான் சார். கரையோரம் மீன் பிடிக்கிற பெரிய சீன வலையையும் வரையட்டும். ஆனால் தூரத்தில் நின்று படம் பிடிக்கிற மாதிரி வேண்டாம். பக்கத்தில் போய், கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய வலையைச் சில ஆட்கள் மட்டும் இறக்கி ஏற்ற முடிவது அந்தக் கற்களின் எடையால்தான்.

அப்புறம் வேளி பக்கம் இருக்கும் தோபிகானாவுக்கு அவசியம் போக வேண்டும். அங்கே துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்க அழைத்து வரப்பட்டோம் என்று அவர்களே சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் தமிழிலேயே பேசலாம். கொடியில் கிளிப் எதுவும் இருக்காது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வேலை நடக்கும் இடம், வழியில் நிற்கக்கூடாது.

அங்கே நின்றுகொண்டே 2018 பினாலேவில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் செய்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கேப்டவுனுக்குக் கொண்டுபோன மனிதர்களின் விவரங்களை அவர் பழைய விற்பனைப் பத்திரங்களிலிருந்து எடுத்தார். பெயர், வயது, பிறந்த இடம், விலை, வாங்கியவர் பெயர். ஒருவருக்கு ஒரு துணி என்று பருத்திச் சட்டைகளிலும் லுங்கித் துணிகளிலும் கறுப்பு மையில் எழுதி, சேற்று நீரில் தோய்த்து, கேப்டவுன் கோட்டையில் தொங்கவிட்டார். பிறகு அவை கொச்சிக்கு வந்து, வெளுக்கப்பட்டு, ஆஸ்பின்வால் ஹவுஸில் கொடியில் காய்ந்தன. அந்தச் சட்டைகள் இப்போது இங்கே இல்லை. ஆனால் அதே டச்சுக்காரர்கள் ஒரு பக்கம் ஆட்களை வெளுக்க அழைத்து வந்தார்கள், இன்னொரு பக்கம் ஆட்களை விற்கக் கொண்டு போனார்கள் என்பது கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று கேட்டால் மனதில் ஏறாது. ஈரத்துணி வாசனைக்கு நடுவே ஏறும். நான் நடையை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

பேச்சுக்கு வருகிறேன். 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஆஸ்பின்வால் ஹவுஸின் ஒரு குடோன் முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, சுடிதாரைத் தூக்கிப் பிடித்து, நீரில் இறங்கி நடந்தால்தான் எதிர்ச்சுவரில் இருக்கும் வரிகளைப் படிக்க முடியும். 2015-ல் அகதிகள் வந்த படகு கவிழ்ந்து இறந்து, துருக்கிக் கரையில் கிடந்த சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகத்துக்கே தெரியும். அதே படகில் வந்து இறந்த அவன் அண்ணன் காலிப்புக்கு அப்படி உலகறிந்த படம் கிடையாது. அவனுக்காகத்தான் அந்த அறை. சூரிட்டாவே 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று கைதாகி, ஒரு கப்பலில் அடைத்து வைக்கப்பட்டவர். இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தண்ணீரில் கால் வைப்பது வேறு, தெரியாமல் வைப்பது வேறு. படைத்தவர் வாயால் இப்படி ஒன்றைக் கேட்டால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

பேச்சு என்றதும் மேடை, பொன்னாடை என்று பயப்படாதீர்கள். 2018 பதிப்பை அமைத்த அனிதா துபே, கண்காட்சி இடங்களில் ஒன்றான கப்ரால் யார்டில் ஒரு பந்தலையே இதற்காக ஒதுக்கினார். அழைக்கப்பட்ட கலைஞர்கள் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், பாடலாம், கவிதை படிக்கலாம். அதே பதிப்பில் கலைஞர் விபின் தனுர்தரன் ஒரு பொதுச் சமையலறை வைத்தார். 1917-ல் கொச்சிக்குப் பக்கத்தில் செராயில் கேரளச் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் வெவ்வேறு சாதியினரை ஒரே பந்தியில் உட்கார வைத்ததன் நினைவாக, யாரும் சமைக்கலாம், யாரும் சாப்பிடலாம். அதுவும் ஒரு கலைஞரின் பேச்சுதான், சோற்றோடு சேர்ந்த பேச்சு.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். பிள்ளைகள் தமிழிலேயே கேட்கட்டும். கண்காட்சி இடங்களில் படைப்புகளை விளக்கிச் சொல்ல ஆர்ட் மீடியேட்டர் என்று இளைஞர்கள் இருப்பார்கள், அதில் பலர் மாணவர்கள். அவர்களை மலையாளத்தில் மெதுவாகப் பேசச் சொன்னால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முக்கால்வாசி புரியும், பாலக்காடு எவ்வளவு தூரம்! ஆங்கிலத்தில் கேட்டால்தான் மதிப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளைதான் பெரும்பாலும் நன்றாக வரைகிற பிள்ளை. உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும்.

விழா டிசம்பரில் தொடங்கினால் மார்ச் வரை இருக்கும். அரையாண்டு விடுமுறைக் கூட்டத்தில் வராமல், ஜனவரிக் கடைசியில் வாருங்கள். கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை கிடையாது. சனிக்கிழமை யூத ஜெப ஆலயம் மூடியிருக்கும், ஞாயிறன்று பஜார் சாலை அடங்கிக் கிடக்கும். செவ்வாயோ புதனோ நல்லது. வேனை எர்ணாகுளத்தில் நிறுத்திவிட்டுப் படகில் அழைத்து வாருங்கள். ஒரு துறைமுக ஊருக்குத் தண்ணீர் வழியாக வந்து சேர்வதே சரி. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எல்லாரிடமும் இருக்கட்டும், கொச்சி வெயிலோடு புழுக்கமும் சேரும். கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடை முடிகிற வரை செல்போன் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அன்றைய பேச்சு யாருடையது என்பது அந்தந்த வாரத்தில்தான் உறுதியாகும். தேதி முடிவானதும் எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டுப் படகுத்துறைக்கே வந்துவிடுகிறேன், நடைக்கு நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி,
எர்ணாகுளம்